புதுப்பேட்டையில் ஒரு முள் நிமிர்ந்த கதை!

'சென்னையில பைக் தொலைஞ்சா, போலீஸ் ஸ்டேஷன் போறதுக்கு முன்னாடி புதுப்பேட்டைக்கு ஒரு நடை போயிட்டு வா. பார்ட் பார்ட்டா கிடைக்கும்!'

இந்த ஜோக் நம்ம அப்பா காலத்துலயே பழசு. ஆனா, புதுப்பேட்டைக்காரங்க முன்னாடி சொல்லிப் பாருங்க... முறைப்பாங்க. நியாயமான முறைப்புதான். ஏலத்துல எடுத்த வண்டி, ஆக்ஸிடென்ட்ல அடிபட்ட வண்டி, இனிமே ஓடாதுனு ஓனரே கைகழுவின வண்டினு எல்லாத்தையும் பிரிச்சு, உயிர் இருக்கிற பாகத்தை எல்லாம் தனியா எடுத்து, தேவைப்படுறவங்களுக்குக் கொடுக்கிற ஊர் அது. ஒரு வகையில வண்டிகளோட உறுப்பு தான மையம்! செல்வராகவன் - தனுஷ் கூட்டணி 2006-ல 'புதுப்பேட்டை'னு படம் எடுத்தாலும் எடுத்தாங்க... வெளியூர்ப் பசங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே அரிவாள்தான் ஞாபகம் வருது. நிஜத்துல அங்க அதிகம் தென்படுறது ஸ்பேனர்!

நாங்க போனது ஒரு முள்ளுக்காக. மீன் முள் இல்லை பாஸ்... மீட்டர் முள்!

நண்பனோட தாத்தா வெச்சிருந்தது 1972-ம் வருஷ புல்லட். தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆச்சு. விழுப்புரம் பக்கத்துல அவங்க வீட்டுத் திண்ணையை ஒட்டி, சாக்கு போர்த்திக் கிடந்த வண்டியை, காலேஜ் முடிக்கிறதுக்குள்ள ஓட்டியே தீருவேன்னு சென்னைக்கு ஏத்திட்டு வந்தான் பயல். இன்ஜின் வேலை முடிஞ்சுது. டயர் மாத்தியாச்சு. டேங்க் பளபளன்னு ஆச்சு. ஆனா, ஹெட்லைட்டுக்கு மேல உட்கார்ந்திருந்த ஸ்பீடோமீட்டரைப் பார்த்தா... கண்புரை வந்த கிழவர் மாதிரி இருந்துச்சு. கண்ணாடி மஞ்சள். டயல்ல கறுப்பு வெளுத்து சாம்பல் ஆயிருந்தது. வெள்ளை எழுத்து பழுத்துப் போயிருந்தது. சிவப்பா இருந்திருக்க வேண்டிய முள், வெளிறின ரோஸ் கலர்ல, 20-க்கும் 30-க்கும் நடுவுல எதையோ யோசிச்சபடி நின்னுட்டிருந்தது. எண்பதுங்கிற நம்பர் சுத்தமா அழிஞ்சே போச்சு!

"தாத்தா எண்பதுக்குப் போனதே இல்லைடா... அதான் யூஸ் பண்ணாம அழிஞ்சிடுச்சு" - இது நண்பனோட ஆராய்ச்சி முடிவு.

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கினா புதுப்பேட்டைக்கு நடந்தே போயிடலாம். ஆதித்தனார் சாலையைப் பிடிச்சு (பழைய ஆளுங்களுக்கு அது இன்னும் ஹாரிஸ் ரோடுதான்) நடக்க நடக்க, காத்துல வாசனை மாறும். முதல்ல டீ, அப்புறம் டீசல், அப்புறம் கிரீஸ். அதுக்கப்புறம் கூவம்! ஒரு கடை வாசல்ல கார் கதவுகள் புத்தகம் மாதிரி அடுக்கி வெச்சிருக்கும். அடுத்த கடையில சைலன்சர் மட்டும். அதுக்கடுத்து ஹேண்டில்பார்கள் கொத்தா தொங்கும், வாழைத்தார் மாதிரி. நடைபாதையில உட்கார்ந்து ஒருத்தர் கியர் பாக்ஸைப் பிரிச்சுட்டிருப்பார். நாம குறுக்கே வந்தா தலையைக்கூடத் தூக்க மாட்டார். "என்னா வண்டி... என்னா பார்ட்?" இந்த ரெண்டு கேள்விதான் இந்த ஊரோட 'ஹாய்... ஹலோ'. மாடல் வருஷத்தை டக்குனு சொல்லத் தெரியலைன்னா, விலை ரெண்டு மடங்கு ஏறும்னு அந்த நிமிஷமே புரிஞ்சுக்கலாம்.

புல்லட்னு சொன்னா மட்டும் ஒரு தனி மரியாதை. அது ஏன்னா, வண்டி நம்ம ஊர்ப் பிள்ளை! இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கை கோத்துக்கிட்டு 'என்ஃபீல்டு இந்தியா' ஆச்சு. திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. பிறந்த வீட்டுல தொழிற்சாலையை மூடினதுக்கு அப்புறமும் புகுந்த வீட்டுல வம்சம் தழைச்ச வண்டி உலகத்துலயே ரொம்பக் கம்மி. ஸோ, புதுப்பேட்டையில புல்லட் பார்ட் கேட்டுப் போறது, தாய்மாமன் வீட்டுக்குப் போற மாதிரிதான்!

நாலு கடை ஏறி இறங்கினதும் ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு. மீட்டர் விக்கிறவங்க நிறைய. மீட்டரைச் சரி பண்றவங்க ரொம்பக் கம்மி.

"இன்னா தம்பி, இதைப் போய் ரிப்பேர் பண்ணிக்கினு... புது மீட்டர் தரேன், மாட்டிக்கினு போய்க்கினே இரு" என்று ஒரு கடைக்காரர் பாலிதீன் கவரோடு நீட்டினார். அச்சு அசல் பழைய டிசைன். பளீர் கறுப்பு, பளீர் வெள்ளை. விலை, ரெண்டு பேர் வயிறு முட்ட பிரியாணி சாப்பிடுற காசுதான். எனக்கே சபலம் தட்டிடுச்சு. நண்பன் அதை வாங்கி, பழசோட பக்கத்துல வெச்சுப் பார்த்தான். அப்புறம் எதுவும் சொல்லாம திருப்பிக் கொடுத்துட்டான்.

அதே கடைக்காரர்தான், கொஞ்சம் சலிப்போட, "அப்ப பாயைப் போய்ப் பாரு" என்று சந்து காட்டினார்.

ஒரு ஆள் உட்கார்ந்தா நிறைஞ்சுபோற கடை. வாட்ச் ரிப்பேர்காரர் மாதிரி கண்ணுல லென்ஸ். மேஜை மேல ஹோமியோபதி டப்பாக்கள் மாதிரி குட்டிக் குட்டி டப்பாக்கள். ஒண்ணுல முள் மட்டும், இன்னொண்ணுல பல்சக்கரம் மட்டும், வேறொண்ணுல நம்பர் உருளைகள் மட்டும். பாய்க்கு அறுபது வயசு இருக்கும். நண்பன் நீட்டின மீட்டரை வாங்கி, பார்க்கக்கூட இல்லை. காதுகிட்ட வெச்சு லேசா ஆட்டிப் பார்த்தார்!

"உள்ள எல்லாம் கீது. காஞ்சு பூட்சு. அவ்ளோதான்."

டாக்டர் 'பயப்பட ஒண்ணுமில்லை'னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

மீட்டருக்கு உள்ளே என்னதான் இருக்கு? பிளஸ் டூ பிசிக்ஸ்ல 'சுழல் மின்னோட்டம்'னு ரெண்டு மார்க் கேள்வி படிச்சோமே, ஞாபகம் இருக்கா? எங்கே உதவப் போகுதுனு திட்டிக்கிட்டே மனப்பாடம் பண்ணினோமே... அது இங்கேதான் குடியிருக்கு! முன் சக்கரம் சுத்தும்போது, அதோட ஹப்புல இருந்து ஒரு கேபிள் சுத்திக்கிட்டே மேலே வரும். அந்தக் கேபிள் நுனியில ஒரு காந்தம். காந்தத்துக்கு மேல கவுத்துவெச்ச மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் தொடவே தொடாது. காந்தம் சுத்துறப்போ கிண்ணத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். 'அவ்வளவு தூரம் போகாதே'னு தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங், கிண்ணத்தைப் பின்னாடி பிடிச்சு இழுக்கும். இந்த இழுபறி எந்த இடத்துல சமரசம் ஆகுதோ... அங்கே முள் நிக்கும். அதுதான் நம்ம ஸ்பீடு! ஜெர்மன்காரர் ஒருத்தர் 1902-ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினார். பேரு ஆட்டோ ஷூல்ட்சே. (ஆட்டோனு பேர் வெச்சுக்கிட்டு ஸ்பீடோமீட்டர் கண்டுபிடிச்சிருக்காரு, என்ன பொருத்தம் பாருங்க!)

இதுல கரன்ட் வயர் கிடையாது, பேட்டரி கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. டயலைப் படிக்க ஒரு குட்டி பல்பு எரியும், அதோட சரி. அதனாலதான் அம்பது வருஷம் தூங்கினாலும் எழுப்பிட முடியுது.

"ரொம்பப் பழைய இங்கிலீஷ் வண்டி மீட்டர்ல கடியாரமே கீது. முள்ளு நைஸா ஏறாது. தாவித் தாவிப் போவும்" என்றார் பாய். அவர் சொன்னது 'க்ரோனோமெட்ரிக்' மீட்டர். குறிப்பிட்ட ஒரு துளி நேரத்துல கேபிள் எத்தனை சுத்து சுத்துதுனு உள்ளே கடிகார இயந்திரம் எண்ணிக்கிட்டே இருக்கும். எண்ணி முடிச்சதும் முள் ஒரு தாவு. மறுபடி எண்ணி, மறுபடி ஒரு தாவு. யூ டியூப்ல ஒருமுறை பாருங்க, அவ்வளவு அழகு!

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். மீட்டரைத் திறக்கிறதே ஒரு கலை. மேல கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற குரோம் ரிங்குக்கு ஸ்க்ரூ எதுவும் கிடையாது. அடியில ஓரத்தை அப்படியே மடிச்சு விட்டிருப்பாங்க, தகர டப்பா மூடி மாதிரி. பாய் ஒரு தட்டையான ஸ்க்ரூ டிரைவரை அந்த மடிப்புக்குள்ள விட்டு, ஒரு மில்லிமீட்டர் தூக்கினார். பக்கத்துல இன்னொரு மில்லிமீட்டர். இப்படியே சுத்திச் சுத்தி மூணு ரவுண்டு வந்தார். ஒரே இடத்துல நெம்பினா ரிங் கிழிஞ்சுடுமாம். முழுசா இருபது நிமிஷம். நடுவுல ரெண்டு பேர் வந்து ஏதோ கேட்டாங்க, நிமிரவே இல்லை மனுஷன்.

ரிங் கழண்டதும், கண்ணாடிக்கு அடியில இருந்த ரப்பர், அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்துச்சு. வில்லன் இதுதான்! ரப்பர் காஞ்சு இடைவெளி விட்டதும் மழைத்தண்ணியும் ஈரக் காத்தும் உள்ளே போகும். அப்புறம் வெயில்ல ஆவியாகி கண்ணாடியில முத்து முத்தா படியும். டயல் தகரத்துல துரு பிடிக்கும். புல்லட்ல மீட்டர் வானத்தைப் பார்த்து மல்லாக்கப் படுத்திருக்கு இல்லையா... நம்ம ஊர் உச்சி வெயில் நேரா அது முகத்துலதான். அதுல இருக்கிற புற ஊதாக் கதிர் மையையும் பெயின்ட்டையும் வருஷக்கணக்கா தின்னே தீர்த்துடுது. இதனாலதான், கிளாசிக் வண்டி வெச்சிருக்கவங்க வெயில்ல நிறுத்தினா மீட்டர் மேல ஒரு கர்ச்சீப்பாவது போட்டு வைக்கிறாங்க. (இத்தனை நாள் இதை பந்தானு நெனச்சுட்டிருந்தேன்!)

அடுத்தது முள்ளைக் கழட்டணும். இந்த இடத்துல பாய் மூச்சுகூட விடலைனு நினைக்கிறேன். முள் எந்த இடத்துல நிக்குதுனு முதல்ல பென்சில்ல குறிச்சுக்கிட்டார். அப்புறம் ரெண்டு சின்னக் கரண்டி மாதிரி கருவியை முள்ளுக்கு ரெண்டு பக்கமும் கொடுத்து, நேரா மேல தூக்கினார். சாய்ச்சா தண்டு வளையும். திருகினா ஸ்பிரிங் போச்சு. ஸ்பிரிங் போனா மீட்டரே போச்சு. வீட்டுல யூ டியூப் பார்த்து முயற்சி பண்ற சிங்கங்கள், இந்த ஒரு இடத்துல மட்டும் பொறுமையா இருங்கப்பா.

டயல் கைக்கு வந்ததும் நண்பன் கேட்டான். "பாய், இதை ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாமா? ஸ்கேன் பண்ணி கோரல் டிரால வரைஞ்சு கொடுக்கிறேன்."

"ஒட்லாம். ராஜா மாரி இருக்கும். ஆனா உன் தாத்தா மீட்டரா இருக்காது." அவ்வளவுதான் சொன்னார்.

உண்மையில அது தப்பான வழியும் இல்லை. டயல் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா வேற வழியே கிடையாது. ஒரிஜினலை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு கோடும் எத்தனை டிகிரியில இருக்குனு அளந்து வரைஞ்சு, திருவல்லிக்கேணி பக்கம் ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்றவங்ககிட்ட கொடுத்தா அச்சு அசலா வந்துடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே டெக்னிக்தான். கோடு ஒரு டிகிரி தள்ளிப்போனாலும் ஸ்பீடு பொய் சொல்லும், அதுல மட்டும் கவனம். ஆனா, பாதிக்கு மேல எழுத்து உயிரோட இருக்கிற டயலை மூடி மேல ஸ்டிக்கர் ஒட்டுறது, என்னைக் கேட்டா, கொஞ்சம் அநியாயம். புதுசா இருக்கும்ங்கிறதுதான் பிரச்னையே. வண்டி முழுக்க அம்பது வயசு, மீட்டருக்கு மட்டும் பதினெட்டு வயசுனு தெரிஞ்சிடும். பாட்டிக்கு பியூட்டி பார்லர் மேக்கப் போட்ட மாதிரி!

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாயுது. மத்திய அரசு 2021-ல கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டின டூ வீலரையும் காரையும் 'வின்டேஜ்' வண்டியா பதிவு பண்ணிக்கலாம். நம்பர் பிளேட்ல 'வி.ஏ.'ங்கிற எழுத்து வரும். அசல் வடிவம் மாறாம, பெரிய மாற்றம் எதுவும் பண்ணாம இருக்கணும்ங்கிறது நிபந்தனை. ஆனா ஒண்ணு... அப்படிப் பதிவு பண்ணிட்டா, தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, ரேலி, சர்வீஸ், பெட்ரோல் போடுறதுனு சில காரணங்களுக்குத்தான் ரோட்டுல இறக்கலாம். நண்பன் இன்னும் முடிவு பண்ணலை. 'தாத்தா கண்காட்சிக்கா வாங்கினார்?'ங்கிறது அவன் கட்சி.

டயலுக்கு பாய் பண்ணின வைத்தியம் ரொம்ப எளிமை. தின்னர் இல்லை, பெட்ரோல் இல்லை. ரெண்டுல எது பட்டாலும் மிச்ச எழுத்தும் கரைஞ்சிடும். சோப்புத் தண்ணியில நனைச்ச பஞ்சுக் குச்சி... அவ்வளவுதான். அழுக்கு போனதுமே பாதி வெளுப்பு காணாமப் போச்சு. அதாவது, நாங்க மங்கல்னு நினைச்சதுல பாதி, தூசு! அழிஞ்சுபோன 80-ஐ மட்டும், நாலு முடி இருக்கிற பிரஷ்ஷால, மத்த நம்பர்களோட பழுப்பு கலருக்குப் பொருந்துற மாதிரி எழுதினார். பளீர் வெள்ளை வேண்டாமாம். "எட்டு மட்டும் பல்லைக் காட்டும்" என்றார்.

முள்ளுக்கு சிவப்பு அடிக்கிறதுலயும் ஒரு சூட்சுமம். தடிமனா அடிச்சா முள்ளோட எடை கூடிடும். தலைமுடி ஸ்பிரிங்கால அந்தக் கனத்தைத் தாங்க முடியாம ஸ்பீடு தப்பாக் காட்டும். ஸோ, ஒரே ஒரு மெல்லிசு பூச்சு.

பெயின்ட் காயணும், ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னுட்டார்.

திரும்புற வழியில ஒரு கடை போர்டு கண்ணுல பட்டுச்சு. 'இங்கு ரேடியம் கட்டிங் செய்து தரப்படும்'. நம்பர் பிளேட்டுக்கும் ஆட்டோ பின்னாடி தத்துவம் எழுதுறதுக்கும் நாம 'ரேடியம்'னு சொல்றோமே, அந்த ஸ்டிக்கர்ல ரேடியம் ஒரு துளிகூட கிடையாது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பிளாஸ்டிக், அவ்வளவுதான். அப்ப அந்தப் பேர் எப்படி வந்துச்சு?

ஒரு காலத்துல இருட்டுல தெரியணும்னு கடிகாரம், விமானம், ராணுவ வண்டி மீட்டர்கள்ல எல்லாம் நிஜமாவே ரேடியம் கலந்த பெயின்ட் அடிச்சாங்க. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரத்துல அந்த வேலையைச் செய்தது நம்ம வயசுப் பொண்ணுங்க. எழுத்து மெல்லிசா வரணும்னா பிரஷ் நுனி கூர்மையா இருக்கணும் இல்லையா... உதட்டுல வெச்சு கூர் பண்ணச் சொன்னாங்க. ஆபத்து எதுவும் இல்லைனும் சொன்னாங்க. தாடை எலும்பு அழுகி, ரத்தசோகை வந்து ஒவ்வொருத்தரா செத்தாங்க. அஞ்சு பொண்ணுங்க கோர்ட்டுக்குப் போய்ப் போராடி, 1928-ல கம்பெனியை சமரசத்துக்கு வரவெச்சாங்க. 'ரேடியம் கேர்ள்ஸ்'னு தேடிப் படிங்க... தூக்கம் வராது.

இதை ஏன் இங்கே சொல்றேன்னா, பழைய மீட்டர் சேகரிக்கிற கிறுக்கு (நல்ல கிறுக்குதான்!) நம்ம பசங்ககிட்ட கூடிக்கிட்டு இருக்கு. இரண்டாம் உலகப் போர் காலத்து மீட்டர் ஏதாவது கையில கிடைச்சு, எழுத்து மேல பழுப்பா, தடிமனா, உதிர்ற மாதிரி பெயின்ட் இருந்தா தயவுசெஞ்சு சுரண்டாதீங்க, ஊதாதீங்க. இருட்டுல ஒளிரலையேனு அலட்சியமும் வேண்டாம். ஒளிர்ற ரசாயனம்தான் செத்துப்போயிருக்கும். ரேடியம் சாகாது. அது பாதியாக் குறையவே 1,600 வருஷம் ஆகும்!

அடுத்த வாரம் போனப்போ டயல், முள் ரெண்டும் ரெடி. புது ரப்பர், புதுக் கண்ணாடியும் மேஜை மேல தயாரா இருந்துச்சு. ரிங்கை மூடுறதுக்கு முன்னாடி பாய் நிமிர்ந்து, "நம்பர் எவ்ளோ வெக்கட்டும்?" என்று கேட்டார்.

எங்களுக்கு முதல்ல புரியலை.

மீட்டர்ல 61,847 கிலோமீட்டர்னு நின்னுட்டிருந்துச்சு. கேபிள் அறுந்த அன்னிக்கு நின்ன நம்பர். உருளைகள் இப்போ அவர் கையில. ஜீரோ வெக்கலாம். வேணும்னா வெறும் 9,000-னு வெக்கலாம். யாருக்கும் தெரியப்போறதில்லை.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குற ஒவ்வொருத்தரும் யோசிக்க வேண்டிய இடம் இது. நம்ம கண்ணு முதல்ல போற இடமே அந்த நம்பர்தான். 'முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு... டாக்டர் ஓட்டின வண்டி' என்று புரோக்கர் அடிச்சுவிடுவார். எத்தனை ஈஸியா அதை மாத்தலாம்னு நான் கண்ணால பார்த்துட்டேன். அதனால மீட்டரை மட்டும் பார்க்காதீங்க. கியர் லீவர், பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பர்களைப் பாருங்க. பத்தாயிரம் ஓடின வண்டியில ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா, யாரோ பொய் சொல்றாங்க. பழைய டைப் மீட்டர்னா நம்பர்கள் ஒரே நேர்க்கோட்டுல நிக்குதா, ரிங் ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் கீறல் இருக்கானு பாருங்க. சர்வீஸ் பில் இருந்தா தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையா ஒப்பிடுங்க. டிஜிட்டல் மீட்டர்ல மாத்த முடியாதுனு நம்பிடாதீங்க... அதுக்கும் மெஷின் இருக்கு.

நண்பன் யோசிச்சான். போனை எடுத்து ஊருக்கு அடிச்சான். பாட்டி எடுத்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டான்.

"பாட்டி, தாத்தா வண்டி மீட்டர்ல அறுபத்தோராயிரத்துச் சொச்சம்னு இருக்கு. அப்படியே விடட்டுமா?"

"எது... அறுபத்தோராயிரமா? அது ரெண்டாவது சுத்துடா! ஒருக்கா எல்லாம் முட்டையா வந்துடுச்சின்னு உங்க தாத்தா வண்டிய நிறுத்திட்டு, ஒரு கிலோ ஜிலேபி வாங்கியாந்து தெருவுக்கே குடுத்தாரு. உங்கப்பன் அப்ப ஆறாவது படிச்சான்."

அஞ்சு உருளை மீட்டர்ல 99,999-க்கு அப்புறம் மறுபடி 00000. ஆக, திண்ணையோரம் சாக்கு போர்த்திக் கிடந்த வண்டி நிஜமா ஓடினது 1,61,847 கிலோமீட்டர்! அந்த ஒரு லட்சம் மீட்டர்லயே இல்லை. பாட்டிகிட்ட மட்டும்தான் இருந்துச்சு. நண்பன் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலை. போன்ல பாட்டி மட்டும் "சாப்டியாடா... சாப்டியாடா?"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

பாய் எதுவும் கேட்கலை. ஒவ்வொரு உருளையா எடுத்து 6, 1, 8, 4, 7-னு அதே வரிசையில கோத்து மாட்டினார்.

கடைசியா டெஸ்ட். கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 1,000 சுத்து சுத்துதுனு வெச்சுக்கோங்க. மணிக்கு 60 கி.மீ. வேகம்னா நிமிஷத்துக்கு ஒரு கி.மீ. அப்போ மோட்டார்ல மாட்டி நிமிஷத்துக்கு 1,000 சுத்து விட்டா முள் கரெக்டா 60-ல நிக்கணும். 500 சுத்து விட்டா 30. வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும், தப்பான மீட்டரை மாட்டினா ஸ்பீடும் தப்பும். பாய்கிட்ட இருந்தது ஒரு தையல் மெஷின் மோட்டார். அதை வேகம் கூட்டிக் குறைச்சு, முள்ளை ரெண்டு தடவை எடுத்து எடுத்து வெச்சு, மூணாவது தடவை திருப்தியாத் தலையாட்டினார்.

"கேபிளுக்கு கிரீஸ் போடுவ இல்ல... மேல் பக்கம் நாலு விரக்கடை விட்டுட்டுப் போடு. இல்லாங்காட்டி சுத்திக்கினே மேல ஏறி மீட்டருக்குள்ள பூந்துரும்" என்று ஒரு அட்வைஸ். மெக்கானிக்குகள்ல பாதிப் பேர் இதைப் பண்றதில்லையாம். முள் நடுங்குறதுக்குப் பாதிக் காரணம் இதுதானாம்.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்துல ரெண்டு ரூபா காசு சைஸ்ல இருக்கிற ஆம்மீட்டரையும் கையோட பார்த்துடலாம்னு அவரே வண்டிகிட்ட வந்தார். வயர் நட்டு ரெண்டும் லூஸ். டைட் பண்ணினதுமே செத்துக் கிடந்த முள் துள்ளுச்சு. இந்தக் குட்டி மீட்டரை யாரும் மதிக்கிறதில்லை. ஆனா, பழைய பாயின்ட் செட் புல்லட்டை உதைக்கத் தெரியாம முழங்கால் வீங்கினவங்களுக்கு இதுதான் கடவுள்! சாவியைப் போட்டா முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே வரணும். முள் சட்டுனு நடுவுக்கு வந்துச்சுன்னா பிஸ்டன் உச்சியை நெருங்கிடுச்சுனு அர்த்தம். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சூண்டு அமுக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேல வரவிட்டு... இப்போ ஒரே உதை. பலம் தேவையில்லை, முள்ளைப் பார்த்தா போதும்.

நண்பன் முள்ளைப் பார்த்தான். உதைச்சான். 'டப்... டப்... டப்...' சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்துச்சு. கூலியை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு பாய் அடுத்த மீட்டரைக் காதுகிட்ட ஆட்டப் போயிட்டார்.

ஆதித்தனார் சாலையில ஏறி, ஹாரிஸ் பாலத்துல கூவத்தைத் தாண்டி அண்ணா சாலைப் பக்கம் போனோம். பின்னாடி உட்கார்ந்து நான் செல்போன்ல ஜி.பி.எஸ். ஸ்பீடு பார்த்துட்டு வந்தேன். மீட்டர் 40 காட்டுறப்போ போன் 37 காட்டுச்சு. கொஞ்சம் கூட்டிச் சொல்றது ஸ்பீடோமீட்டர்களோட பரம்பரை வழக்கம். குறைச்சுச் சொல்லி போலீஸ்ல மாட்டிவிடுறதுக்கு இது தேவலை! சிக்னல்ல நின்னப்போ நண்பன் மீட்டரைத் தட்டிக் காட்டினான். கடைசி உருளை மெள்ள மேலேறி 61,848.

பச்சை விழுந்துச்சு. முன்னாடி நின்ன ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. நண்பன் ஹாரன் அடிச்சான். சத்தமே வரலை.

"ஹாரன் எங்கடா கிடைக்கும்?"

"நேரா போய் ஜி.பி. ரோடுல திருப்பு" என்றேன்.